கண்ணை மூடிய அரணைகள்

என் கணினியில் 'அரணை' என்று பெயரிட்ட ஓர் அடைவு இருக்கிறது. செஞ்சிக் குன்றுகளிலும், ஜவ்வாது மலையின் அடிவாரத்திலும், மரக்காணத்தை ஒட்டிய சவுக்குத் தோப்புகளிலும் விடுமுறை நாள்களின் காலைப்பொழுதில் நடந்து, ஏழெட்டு ஆண்டுகளாக எடுத்த படங்கள் அதில் உள்ளன. மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், வெளியே போக வழியில்லாமல் அவற்றை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் கொஞ்சமும் தயங்காமல் பெயர் எழுதிவைத்திருந்த படங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. எப்படித் தவறினேன், பிறகு எதைப் பார்த்துத் திருத்தினேன் என்பதைப் பதிவு செய்து வைப்பது, இதே ஊர்களில் இதே விலங்குகளைப் பார்த்துக் குழம்பும் வேறு சிலருக்கும் உதவலாம்.

தமிழில் நமக்கு அரணை என்ற ஒரே சொல்தான் பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளது. உடல் மெலிந்து, கால்கள் குறுகி, பாம்பை நினைவூட்டுவதைப் பாம்பரணை என்று சிலர் பிரித்துச் சொல்வார்கள். மற்றபடி வழவழப்பாக, வெயிலில் வெண்கலம்போல் மின்னிக்கொண்டு சருகுக்குள் ஓடி மறைவது எதுவாயினும் அது அரணைதான். என் ஆயா அரணையைக் கண்டால் விளக்குமாற்றை எடுத்துக்கொள்வார். அரணை கடித்தால் மரணம் என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது. அதே ஆயாதான், கடிக்க வரும் அரணை பாதி வழியில் எதற்காக வந்தோம் என்பதை மறந்து திரும்பிவிடும் என்றும், அதனால்தான் ஊரில் ஒருவரும் அரணை கடித்துச் சாகவில்லை என்றும் விளக்குவார். அரணைகளில் எந்த இனத்துக்கும் நஞ்சு இல்லை என்பதை அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று சிறு வயதிலேயே தெரிந்துகொண்டேன். ஆனால் எல்லா அரணையும் ஒன்றே என்ற எண்ணம் மட்டும், விலங்குகளைக் கவனிக்கத் தொடங்கிய பிறகும் வேறு வடிவத்தில் என்னிடம் தங்கிவிட்டது. பெரியதைக் கண்டால் 'அரணை' என்றும், சிறியதைக் கண்டால் 'அரணைக் குட்டி' என்றும் எழுதிவந்தேன்.

இந்தக் 'குட்டி'கள்தான் என் முதல் பெருந்தவறு. நம் தோட்டங்களிலும் கிணற்று மேட்டிலும் வேலியோரக் கற்குவியலிலும் சாதாரணமாகக் காணப்படும் பெரிய அரணை, அறிவியல் பெயரில் யூட்ரோபிஸ் கேரினேட்டா. மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் வரை வளரும். வால் அதைவிட நீளம். அதன் சிற்றுறவினனான யூட்ரோபிஸ் மேக்குலேரியா முழு வளர்ச்சி அடைந்தாலும் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆகவே முதலாவதன் இளம் பருவமும் இரண்டாவதன் முதிர்ந்த பருவமும் ஒரே அளவில், ஒரே பழுப்பு முதுகோடு, ஒரே சருகில் வெயில் காயும். பக்கத்தில் ஒரு வேப்பிலையை வைத்து அளந்தாலும் அளவு இங்கே எதையும் தீர்மானிக்காது. அளவை வைத்துச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: 10 சென்டிமீட்டரைத் தாண்டிய உடல் மேக்குலேரியாவாக இருக்க முடியாது.

நிறமும் கைகொடுக்காது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இன்னும் அதிகக் காலம் ஆனது. கேரினேட்டாவுக்குக் கண்ணுக்கு மேலிருந்து தொடங்கி முதுகின் இரு ஓரங்களிலும் வெளிர்மஞ்சள் கோடு ஒன்று ஓடும். அதற்குக் கீழே விலாப்புறம் கருஞ்செம்பழுப்பாக இருக்கும். மேக்குலேரியாவில் அத்தகைய தெளிவான கோடு வழக்கமாக இருப்பதில்லை. மாறாக, விலாப்புறத்தில் வெண்புள்ளிகள் தூவியிருக்கும். எட்வர்ட் பிளைத் 1853இல் அதற்குப் பெயரிட்டபோது புள்ளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான் என்று எண்ணுகிறேன். இதைப் படித்துவிட்டு, கோடு இருந்தால் ஒன்று, புள்ளி இருந்தால் மற்றொன்று என்று ஓராண்டு முழுவதும் பிரித்துவந்தேன். கோடு மங்கிய முதிய கேரினேட்டாக்களும், தோலுரிக்கும் நேரத்தில் உடல் முழுவதும் சாம்பல் பூத்துக் கிடப்பவையும் உண்டு என்பதை அப்போது கணக்கில் கொள்ளவில்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்களுக்கு ஏறும் சிவப்பு நிறமோ குழப்பத்தை இன்னும் கூட்டிவிடும். உதடும் கழுத்துப் பக்கமும் விலாவும் குங்குமம் பூசியதுபோல் சிவந்த ஒன்றை முதன்முதலில் கண்டபோது, புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து இரவெல்லாம் தூங்காமல் இருந்தேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

அளவும் நிறமும் கைவிட்ட பிறகு மிஞ்சுவது செதில். இந்த இரண்டு இனங்களையும் பிரிப்பதற்கு அறிஞர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருவது, முதுகுச் செதில் ஒவ்வொன்றின் மேலும் நீளவாக்கில் ஓடும் மெல்லிய மேடுகளை. படகின் அடியில் நீளமாக ஓடும் ஏராவுக்கான இலத்தீன் சொல்லிலிருந்துதான் கேரினேட்டா என்ற பெயரே வந்தது. 1801இல் ஷ்னைடர் இட்ட பெயர் அது. எனக்கு அது ஏராவைவிட வயல் வரப்பையே நினைவூட்டுகிறது. சிறிய வயல் துண்டு ஒன்றை இணையான வரப்புகள் பகுத்திருப்பதுபோலச் செதில் தெரியும். எனவே என் குறிப்பேட்டில் வரப்பு என்றே எழுதிவருகிறேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். கேரினேட்டாவின் செதிலில் பெரும்பாலும் மூன்று வரப்புகள்; சில வேளைகளில் ஐந்து, அரிதாக ஏழு. மேக்குலேரியாவில் ஐந்திலிருந்து எட்டு வரை இருக்கும், அவை தெளிவாகவும் எழும்பியும் நிற்கும். மூன்று என்று எண்ணிவிட்டால் ஐயம் தீர்ந்தது. அது மேக்குலேரியா இல்லை. ஐந்து என்று வந்தால் மட்டுமே தயங்க வேண்டியிருக்கும். அப்போது ஒரே செதிலை நம்பாமல், முதுகின் நடுப்பகுதியில் அடுத்தடுத்துப் பத்துச் செதில்களையாவது எண்ணி, எந்த எண்ணிக்கை மிகுதியாக வருகிறது என்று பார்ப்பேன்.

ஆனால் எண்ணுவதற்கு வரப்பு படத்தில் விழ வேண்டுமே. உச்சிவெயிலில் எடுத்த படத்தில் செதில்கள் கண்ணாடித் துண்டுகள்போல் மின்னுமே தவிர ஒரு வரப்பும் தெரியாது; மின்விளக்கை நேராக அடித்து எடுத்தாலும் அதே கதைதான். காலை எட்டு மணியளவில், வெயில் சாய்வாக விழும்போது, விலங்கின் முதுகுக்குப் பக்கவாட்டிலிருந்து ஒளி வரும்படி நின்றால், ஒவ்வொரு வரப்பும் தன் நிழலைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தானே எழுந்து நிற்கும். அரணைகளும் அந்த நேரத்தில்தான் உடலைச் சூடேற்றிக்கொள்ள அசையாமல் கிடக்கும் என்பது நமக்குக் கிடைத்த வசதி. நிற்கும் இடத்திலிருந்து இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தால் எண்ணக்கூடிய படம் கிடைத்திருக்கும் என்று தெரியாமல், முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்து நான் எடுத்த 'அழகான' படங்கள் ஏராளம். அவற்றில் கண் மணிபோல் கூர்மையாக இருக்கிறது, முதுகு முழுவதும் மங்கிக் கிடக்கிறது. பெயர் சொல்ல அந்தப் படங்கள் உதவாது.

விலங்கைக் கையில் பிடித்துப் பார்த்தால் எல்லாம் எளிது என்று சிலர் சொல்வதுண்டு. உடலின் நடுவில் சுற்றளவாக எத்தனைச் செதில் வரிசைகள் உள்ளன என்று எண்ணுவது உண்மையிலேயே நல்ல அடையாளம். கேரினேட்டாவுக்கு அது 30 முதல் 34 வரை வரும். ஆனால் அதற்குப் பிடித்துப் புரட்டியாக வேண்டும். பிடித்தால் வால் கழன்றுவிடும். வால் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும் உறுப்பு. அது திரும்ப முளைக்கும் என்பது உண்மைதான். என்றாலும் உள்ளே முதுகெலும்புக் கணுக்களுக்குப் பதில் குருத்தெலும்புத் தண்டு ஒன்றுதான் வரும், மேலே செதில்களின் அமைப்பும் நிறமும் மாறிவிடும். ஆராய்ச்சிக்கு அனுமதி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலையை, பெயர் தெரிந்துகொள்ளும் ஆவலுக்காக நாம் செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. இதையொட்டி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வாலின் நீளத்தையோ நிறத்தையோ வைத்து இனம் சொல்லுமுன், அது முதல் வால்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிறம் சட்டென மாறும் இடம் வாலில் தெரிந்தால் அதற்கப்பால் உள்ளது புதிதாக முளைத்தது.

மரக்காணத்துப் படங்களுக்கு வந்தபோது செதில் வரப்பும் என்னைக் கைவிட்டது. அங்கே சவுக்கு ஊசிகள் உதிர்ந்து மெத்தைபோல் கிடக்கும் மணலில், கடற்கரையை ஒட்டி, வெளிறிய சிறிய அரணை ஒன்று அடிக்கடி காணப்படும். வரப்பை எண்ணினேன், மூன்று. ஆகவே கேரினேட்டாவின் குட்டி என்று எழுதினேன். எண்ணிக்கை சரிதான், முடிவுதான் தவறு. கடலோர மணற்பாங்கில் வாழும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு: யூட்ரோபிஸ் பிப்ரோனி. பிரெஞ்சு விலங்கியலாளர் காப்ரியேல் பிப்ரோனின் பெயரை 1838இல் கிரே அதற்கு இட்டார். அதன் செதில்களிலும் பெரும்பாலும் மூன்று வரப்புகளே. முதுகின் நடுவே வெளிர்நிறப் பட்டை ஒன்றும் அதன் இருபுறமும் கருமையான ஓரங்களும் இருக்கும் என்றாலும், மணலில் வாழ்வதாலோ என்னவோ பல படங்களில் எல்லாமே வெளிறிப்போய்த்தான் தெரிந்தன.

இந்த இனத்தைப் பிரித்துக் காட்டுவது அதன் கண். இன்னும் சரியாகச் சொன்னால், கீழ் இமை. நாம் மேல் இமையை இறக்கிக் கண்ணை மூடுகிறோம். அரணை கீழ் இமையை மேலே ஏற்றி மூடும். கேரினேட்டாவுக்கும் மேக்குலேரியாவுக்கும் அந்த இமை முழுவதும் சிறு செதில்களால் மூடப்பட்டிருக்கும். கதவடைத்ததுபோலக் கண் மறைந்துவிடும். பிப்ரோனிக்கோ இமையின் நடுவில் ஒளி ஊடுருவும் வட்டமான சவ்வு ஒன்று உண்டு. கதவில் கண்ணாடிச் சன்னல் வைத்ததுபோல, இமையை மூடிய பிறகும் உள்ளே கரிய விழி தெரியும். மணல் காற்று வீசும் இடத்தில் வாழும் விலங்குக்கு, கண்ணை மூடிக்கொண்டே வெளியே பார்க்க முடிவது பெரிய வசதியாகத்தான் இருக்க வேண்டும்.

இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட எரிச்சலைச் சொல்லி மாளாது. ஏனென்றால், ஒளிப்படம் எடுக்கும் எல்லோரையும்போல நானும், விலங்கு கண்ணை மூடியிருக்கும் படங்களை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அழித்துவிடுவேன். கண் திறந்து, பளபளவென்று உயிர்ப்போடு இருப்பதுதான் நல்ல படம் என்பது பழகிப்போன கணக்கு. இந்த மூன்று இனங்களைப் பொறுத்தவரை பெயர் சொல்லக்கூடிய படங்களையெல்லாம் பார்த்துப் பார்த்து அழித்துவிட்டு, சொல்ல முடியாதவற்றை மட்டும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கியது. இப்போது ஒவ்வோர் அரணைக்கும் பக்கவாட்டில் தலையை மட்டும் நெருக்கி, பத்துப் பதினைந்து படங்களைத் தொடர்ச்சியாக எடுக்கிறேன். வெயில் காயும் அரணை அடிக்கடி கண்ணை மூடித் திறக்கும். அந்த வரிசையில் ஒன்றிலாவது இமை ஏறியிருக்கும். அந்த ஒன்றைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

கண் இமையைப் பற்றிச் சொல்லும்போது, அரணையே அல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். செஞ்சிப் பகுதியின் முட்புதர்க்காட்டில், கோடுகள் ஓடும் உடலும் செந்நிறம் கலந்த நீண்ட வாலும் கொண்டு, சிறு அரணைபோலவே தோன்றும் பல்லியினம் ஒன்று திறந்தவெளியில் விரைந்து ஓடித் திரியும். ஒஃபிசாப்ஸ் லெஷனால்டி என்பது அதன் பெயர், 1829இல் பெயரிடப்பட்டது. இதற்கு இமைகள் ஒன்றோடொன்று இணைந்து, பாம்புக்கு இருப்பதுபோல நிலையான ஒளிபுகும் மூடியாகிவிட்டன. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது இமைக்காது. இமைத்தால் அரணை, இமைக்காவிட்டால் இது. நானறிந்தவரையில் களத்தில் இவ்வளவு சுலபமான சோதனை வேறில்லை. தேவையானது ஒரு நிமிடப் பொறுமை மட்டுமே.

பாம்பரணை எனப்படும் ரியோபா பங்டேட்டாவைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. அதன் செதில்களில் வரப்பே கிடையாது, எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று இருக்கும். உடல் நடுவில் வரிசைகள் 24இலிருந்து 28க்குள் அடங்கும் அளவுக்கு ஒல்லியானது. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உடல் நீண்டு கிடக்கும். இளம் பருவத்தில் முதுகில் கருங்கோடுகளும் வாலில் பளிச்சென்ற சிவப்பும் இருப்பதால் மட்டும் சிலர் அதை வேறு இனமாக எண்ணுவார்கள். வளர வளர வாலின் சிவப்பு மங்கும், கோடுகள் உடைந்து புள்ளி வரிசைகளாகும். கடித்துக் குதறப்பட்டாலும் பரவாயில்லை என்ற உறுப்பை நோக்கி எதிரியின் கவனத்தை இழுப்பதற்கே அந்தச் சிவப்பு என்பது பொதுவான விளக்கம்.

பாம்பரணைக்குக் கொடுத்த இந்த ஒரு பத்தியோடு சிறிய வழவழப்பான அரணைகள் முடிந்துவிட்டன என்று 2024 வரை நானும் நினைத்திருந்தேன். அந்த ஆண்டில் ஆய்வாளர்கள் திராவிடோசெப்ஸ் என்ற புதிய பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியை, நிறுவி, அதில் ஐந்து புதிய இனங்களை விவரித்தார்கள். ஐந்தும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை: செஞ்சி, ஜவ்வாது, களக்காடு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களின், மலைகளின் பெயரில் நான்கு, தமிழ்நாட்டின் பெயரிலேயே ஒன்று. நான் ஞாயிறுதோறும் நடக்கும் குன்றின் பெயரை ஓர் அரணை தாங்கியிருக்கிறது என்பதில் எனக்கு ஏற்பட்ட பெருமிதம் பெரிதாக இருந்தது. அடுத்த நிமிடமே, அதை எத்தனை முறை 'பாம்பரணைக் குட்டி' என்று எழுதிக் கடந்திருப்பேன் என்ற எண்ணமும் வந்தது. மரபணு ஒப்பீட்டையும் நுண்ணிய செதில் கணக்கையும் சேர்த்துப் பிரிக்கப்பட்ட இவற்றை, சருகுக்குள் பாதி மறைந்த ஒரு படத்தை வைத்துப் பிரிக்க என்னால் முடியாது. எனவே செஞ்சியில் எடுத்த அத்தகைய நான்கு படங்களின் பெயர்களை அழித்துவிட்டு, 'சிறிய அரணை, வரப்பு இல்லை' என்று மட்டும் எழுதி, எடுத்த இடத்தையும் நாளையும் சேர்த்துவைத்திருக்கிறேன்.

பெயரைப் பின்வாங்குவது தோல்வி இல்லை என்பதை ஒரு வழியாக ஏற்றுக்கொண்டாயிற்று. படத்தைப் பார்த்துப் பேரினம் வரை சொல்ல முடிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வதும் சரியான அடையாளம் காணல்தான். பெயர்கள்கூட நிலையாக இருப்பதில்லை: இன்று யூட்ரோபிஸ் எனப்படும் ஆசிய அரணைகள் எல்லாம் 2002இல் பேரினம் பிரிக்கப்படும் வரை மபூயா என்ற பெயரில்தான் இருந்தன. பாம்பரணையும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை லைகோசோமாவாகத்தான் இருந்தது. என் பழைய குறிப்பேடுகளில் இந்த இரண்டு பெயர்களும் உள்ளன. மேக்குலேரியா என்று ஒரே பெயரில் நாம் அழைப்பதற்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் மறைந்திருக்கின்றன என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆகவே நான் இன்று திருத்தியிருப்பதையும் யாரேனும் மறுபடி திருத்த வேண்டியிருக்கும். அந்த நாளில் உதவக்கூடியது நான் எழுதிவைத்த பெயரைவிட, வரப்பு தெரியும் முதுகுப் படமும், இமை ஏறிய தலைப் படமும், எடுத்த இடமும்தான்.

அந்த மழை வாரத்தின் கடைசி நாளில், பழைய வன்தட்டு ஒன்றில் அழிக்க மறந்த மரக்காணத்துப் படத் தொகுதி கிடைத்தது. 2018 பிப்ரவரியில் எடுத்தது. மொத்தம் பதினொரு படங்கள். பத்துப் படங்களில் அரணை என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்பதாவது படத்தில் மட்டும் இமை பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் இமையின் நடுவில் கருமையாக ஏதோ தெரிகிறது. அது சன்னல் வழியே தெரியும் விழியா, பக்கத்துச் சவுக்கு ஊசியின் நிழலா என்று இதுவரை என்னால் முடிவு செய்ய இயலவில்லை. படத்தின் பெயரை 'யூட்ரோபிஸ், மூன்று வரப்பு, இமை?' என்று மாற்றியிருக்கிறேன். அதே சவுக்குத் தோப்புக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.